சாவி மாறும் இடம்

எழுபத்தெட்டு கிலோமீட்டர் காடு.
இந்த முனையில் நிறுத்திய காரை
அந்த முனையில் முடித்தவர் எடுக்கவேண்டுமென்றால்
தெற்குத் தீவைப் பாதி சுற்றி வரவேண்டும்.
அதனால் இரண்டு கார், இரண்டு அணி,
எதிரெதிர்த் திசை, ஒரே நாள்.
நடுவில் எங்கே பார்த்துக்கொள்கிறோமோ
அங்கே சாவி கைமாறும்.

லாக்லனின் யோசனை இது.
நாங்கள் ஒரே வீட்டில் இருந்த காலத்தது.
பிரிந்து மூன்று வருடம் கழித்து
பிள்ளைகள் தூசி தட்டி எடுத்தார்கள்.
ஹுயா என்னோடு.
கோர்பன் அப்பாவோடு, கடல் பக்கமிருந்து.
காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்களாம்.
சுண்டியதை நான் பார்க்கவில்லை.

காலை நாலேகால்.
நெற்றி விளக்கு வட்டத்துக்குள்
மகளின் குதிகால்கள் மட்டும்.
முதல் பதினேழு கிலோமீட்டரும் ஏற்றம்.
ஓடினோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.
பீச் மரங்களின் பாசியிலிருந்து
பெய்யாத மழை சொட்டிக்கொண்டிருந்தது.

பெர்ரி கணவாயில் வெளிச்சம் வந்தது.
ஒரு வேக்காவும் வந்தது.
பறக்கத் தெரியாத பறவை,
உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கை
பையோடு தூக்கிக்கொண்டு
எங்களைவிட வேகமாக ஓடியது.
ஹுயா சிரித்துச் சிரித்து
பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோலண்ட் மேட்டுவெளியில் ஒரு கம்பம்.
வழிப்போக்கர்கள் அதில்
பழைய பூட்ஸ்களை ஆணியடித்துத் தொங்கவிடுகிறார்கள்.
பெரும்பாலும் ஒற்றை.
"மிச்ச தூரத்தை
ஒத்தைக் கால்லயாம்மா போனாங்க?"
நான் ஒரு ஜெல் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன்.
வாய் நிறைய இருந்தால் பதில் சொல்லவேண்டாம்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில்
முதலில் இருமல் கேட்டது.
பிறகு கோர்பனின் ஆரஞ்சுத் தொப்பி.
அதற்கும் பின்னால், இடதுகாலை அகட்டி வைத்து,
அவர்.
அந்த முழங்காலை எனக்குத் தெரியும்.
"டேப் இருக்கா?" என்றார்.
இருந்தது.
மரக்கட்டையில் உட்கார்ந்தார்.
சில்லுக்குக் கீழே ஒரு சுற்று, குறுக்கே ஒன்று,
மேலே இழுத்து ஒட்டி, உள்ளங்கையால் சூடேற்றி.
என்னைக் கேட்காமல் கை செய்தது.
பிள்ளைகள் ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள்.
நாலு புட்டி.
கால் மணி நேரம் ஆனது.

நாங்கள் பேசியது:
ஆற்றில் தண்ணீர் எவ்வளவு.
மணல் ஈ தொல்லை எங்கே ஆரம்பிக்கிறது.
என் கால் நகம்.
கோர்பனுக்கு வந்திருக்கும் வேலை.
"சரி" என்றார்.
"சரி" என்றேன்.

ஒரு கிலோமீட்டர் போயிருப்போம்.
"அம்மா, சாவி?"

இடுப்புப் பையைத் தொட்டேன்.
என் காரின் சாவி என்னிடமே.
ஹுயாவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு
வந்த வழியே ஓடினேன்.
அன்றைக்கு நான் உண்மையாகவே ஓடியது
அந்த ஒரு கிலோமீட்டர்தான்.
திருப்பத்தில்,
கையைத் தலைக்கு மேல் தூக்கி
சாவியைக் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டு,
நான் ஒட்டிய டேப் பாதி பிரிந்து தொங்க,
அவரும் வந்துகொண்டிருந்தார்.
தனியாக.

இரண்டாம் முறை
பேச எதுவும் கையில் இல்லை.
மூச்சு வாங்கினோம்.
அவர் சாவி சூடாக இருந்தது.

பிறகு இறக்கம், ஆறு, தொங்குபாலம்,
நிக்காவ் பனைகளுக்கிடையே
இருட்டில் கேட்ட கடல்.
கடைசிப் பத்து கிலோமீட்டரில் ஹுயா அழுதாள்.
காரணம் கேட்டதற்கு "கணுக்கால்" என்றாள்.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
விடவில்லை, அவளும்.

கோஹைஹை, இரவு ஒன்பதரை.
அவர் காரில் ஏறினால்
பெடல் என் காலுக்கு எட்டவில்லை.
இருக்கையை முன்னுக்கு இழுத்தேன்.
அடுத்த சீட்டில் ஹுயா
ஷூவோடு தூங்கிப்போனாள்.

மலைக்கு அந்தப் பக்கம்
அவர் இந்நேரம் என் காரில் ஏறியிருப்பார்.
இருக்கையைப் பின்னுக்குத் தள்ள மறந்து
ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டிருப்பார்,
அதே முழங்காலை.